தீர்த்தகிரி வண்டியின் எண்ணெய்ச் சொட்டு

நெல்லிவாசல்நாட்டுக்கு அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே பஸ்ஸை ஓட்டியவன் தீர்த்தகிரி. அந்த பஸ்ஸை வேறு யாராவது குறை சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. திட்டுவதென்றால் அவன் ஒருவன்தான் திட்டலாம். பதினாறு வயசு வண்டி அது. இரண்டு முதலாளிகளிடம் உழைத்துக் களைத்துவிட்டு மூன்றாவதாக இந்த முதலாளியிடம் வந்திருந்தது. கீழே சமதரையில் ஓடி முடித்த வண்டிகளைத்தான் மலைக்கு அனுப்புவார்கள். மலைக்காரனுக்கு இது போதும் என்று ஒரு நினைப்பு. அப்படி நினைத்தவர்கள் ஒரே ஒரு நாள் புளி மூட்டைகளோடு அந்த மேட்டை ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு மலையை விட்டு இறங்கும் வண்டி, டவுனில் இரண்டு நடை அடித்துவிட்டு, மாலை ஆறு மணிக்குத் திரும்ப வந்து நிற்கும். ரோடு முடிகிற இடத்தில்தான் தீர்த்தகிரியின் வீடு. வண்டி வாசலுக்கு எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லாமல் நிற்கும். கண்டக்டர் ராஜாக்கண்ணு பின்சீட்டில் படுத்துக்கொள்வான். தீர்த்தகிரி தன் வீட்டில் படுப்பான். ஊர் உலகத்தில் எந்த பஸ் டிரைவருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது?

அந்தக் கொடுப்பினை அவனுக்குச் சும்மா வந்துவிடவில்லை. இருபது வயதில் மலையை விட்டு இறங்கி லாரியில் கிளீனராகச் சேர்ந்தவன் அவன். ஸ்டியரிங்கைப் பிடித்து, லைசென்ஸ் வாங்கி, நாக்பூர் வரைக்கும் லோடு அடித்தான். பாஞ்சாலையைக் கட்டிக்கொண்ட பிறகும் மாதத்துக்கு ஒரு தரம், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வருவான். அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. லாரி எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும், யார் சொல்லி அனுப்புவது? பதினோராம் நாள்தான் அவன் வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்திருந்தது. பாஞ்சாலை அவனைத் திட்டவில்லை, அவன் முன்னால் அழவும் இல்லை. கை கழுவத் தண்ணீர் கொடுத்து, களி கிண்டிப் போட்டாள். அவள் நாலு வார்த்தை கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

அடுத்த மாதமே லாரியை விட்டான். மலைக்கு ரோடு வந்து பஸ்ஸும் வந்தபோது, முதலாளியின் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்று இந்த வேலையை வாங்கினான். இப்போது நாலு வருஷமாக ஒரு மாலைகூடத் தவறாமல் வீட்டுக்கு வருகிறான். வந்தால் வெந்நீர் இருக்கும், சாப்பாடு இருக்கும். பாஞ்சாலை முகம் சுளித்ததில்லை. ஆனால் தான் வருவது அவளுக்குச் சந்தோஷமா, இல்லை வெறும் பழக்கமா என்பது மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

இந்த நேரத்தில்தான் எண்ணெய்ப் பிரச்சினை வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. அது எப்போதும் இருந்ததுதான். என்ஜின் மேல்மூடியின் ஓரத்தில் லேசாகக் கசியும். அடியில் ஒரு சொட்டு தொங்கும். பக்கவாட்டில் கீழே இறங்குகிற ஒரு குழாயின் வாயில் கொஞ்சம் புகையும் கொஞ்சம் எண்ணெயுமாக வரும். வண்டி நின்ற இடத்தில் காலையில் நாலைந்து கறுப்புப் பொட்டுகள் கிடக்கும். பாஞ்சாலை அவற்றின்மேல் சாணி போட்டு மெழுகிவிடுவாள். எண்ணெய் சிந்தாத பழைய வண்டி எங்கே இருக்கிறது என்று தீர்த்தகிரியும் விட்டுவிட்டான்.

முதலாளி விடவில்லை. ஒரு நாள் புது வேட்டி கட்டிக்கொண்டு முன்சீட்டில், என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது வேட்டியின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதை அவரே பார்த்திருந்தால் பரவாயில்லை, பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்த்துச் சொன்னார்கள்.

“தீர்த்தகிரி, எனக்குப் பொறும இல்ல. வர்ற வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி, பத்து மணிக்கு ஷெட்டுக்கு வர்றேன். வண்டி அடியில பேப்பர் விரிச்சி ஒரு மணி நேரம் நிறுத்துவேன். பேப்பர் நனஞ்சிதுன்னா மலை ரூட்டே வேணாம். மேடு ஏறி ஏறித்தான் வண்டி எண்ணயக் கக்குது. கணியம்பாடி பக்கம் சமதரையில ஓட்டிக்கலாம். நீயும் அங்கயே தங்கிக்க. வாரத்துக்கு ஒரு நாள் வூட்டுக்குப் போய்ட்டு வா.”

“மலையில சனங்க இன்னா பண்ணும் மொதலாளி?”

“பஸ் வர்றதுக்கு முன்ன இன்னா பண்ணாங்களோ அத்தப் பண்ணட்டும்.”

சனங்களைப் பற்றிக் கேட்டானே தவிர, அவன் மனசில் ஓடியது வேறு. வாரத்துக்கு ஒரு நாள். மறுபடியும் அதே பிழைப்பு. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலையிடம் சொன்னான். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்றது.

“அப்பிடியா,” என்றாள். பிறகு முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அவ்வளவுதான். அவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான். அவள் உமியை ஊதினாள், கல்லைப் பொறுக்கினாள். நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு, எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான்.

மறுநாள் காலை வண்டி இறங்கி டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குத் திக்கென்றது. முந்தின நாள்வரை சொட்டாக இருந்தது இன்று வழிந்துகொண்டிருந்தது. முதலாளி சொன்னது வண்டிக்குக் காதில் விழுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தான்.

ஷெட்டில் ரங்கசாமி என்று ஒரு மெக்கானிக் இருந்தார். என்ஜின் சத்தம் கேட்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணால்தான் அவருக்குப் பழுது தெரியும் என்று ஷெட்டில் கேலி பேசுவார்கள். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இத பார், எண்ண வர்ற எடம் வேற, சொட்டுற எடம் வேற. மேல கசிஞ்சி, ஓரமாவே ஓடி, கீழ வந்து சொட்டும். சொட்டுற எடத்தப் பாத்து அடச்சா முட்டாப் பய வேல. மொதல்ல மண்ணெண்ண ஊத்திக் கழுவு. காஞ்சதும் மேல பவுடரு தூவு. வெள்ள எங்க கறுக்குதோ அதான் எடம்.”

கழுவினான். பவுடர் இல்லை. ராஜாக்கண்ணு எங்கோ போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலம் திருநீறு எடுத்துவந்தான். அதையே என்ஜின் முழுக்கத் தூவிவிட்டு மாலை நடையை எடுத்தார்கள். பாதி மலையில் நிறுத்தி என்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கினால், உள்ளே என்ஜின் சன்னியாசி மாதிரி வெள்ளை பூசி உட்கார்ந்திருக்கிறது. முன்சீட்டில் இருந்த மாதம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எட்டி ஒரு விரல் திருநீறு எடுத்து நெற்றியிலும் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் கை நீட்டினார்கள். ராஜாக்கண்ணு சளைத்தவன் இல்லை, மிச்சப் பொட்டலத்தைச் சீட்டுவாரியாகக் கொடுத்துக்கொண்டே போனான். அன்று மலைக்கு வந்து இறங்கியவர்கள் எல்லாம் கோவிலுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

கூத்து ஒருபுறம் இருந்தாலும் திருநீறு வேலை செய்தது. மேல்மூடியின் ஓரம் நெடுக வெள்ளை கறுத்திருந்தது. மறுநாள் ரங்கசாமி மூடியைக் கழற்றி, மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் காய்ந்து முறுகிப்போயிருந்த தக்கை பேக்கிங்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். தீர்த்தகிரி போல்ட்டை முடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

“பலத்தக் காட்டாத. இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம். ஒரேயடியா முறுக்கினா தக்க பிதுங்கிடும். அப்பால அங்கயும் ஒழுவும்.”

மேல்மூடியில் கசிவு நின்றது. அடுத்த நாளே அடியில் எண்ணெய்த் தொட்டியின் விளிம்பில் கசிய ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதையும் இறக்கி, அட்டையில் பேக்கிங் வெட்டி, அரக்குப் பூசி மாட்டினார்கள். தொட்டியின் அடித்திருகுக்கு ஒரு செம்பு வாஷர் உண்டு. அதை மட்டும் தீர்த்தகிரி பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்பு நெருப்பில் சிவக்கக் காய்ச்சினான். பாஞ்சாலை பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பை ஊதினாள்.

“இது இன்னாத்துக்கு?” என்றாள். அந்த வாரத்தில் அவளாகப் பேச்செடுத்தது அப்போதுதான்.

“செம்பு எறுகிப் போச்சி. சுட்டு தண்ணில போட்டா எளகிடும். அப்பதான் எடத்துல ஒக்காந்து எண்ணய நிறுத்தும்.”

“நிறுத்திடுமா?”

“பாப்பம்.”

அவள் இன்னும் பலமாக ஊதினாள். முகமெல்லாம் சாம்பல் பறந்தது. வண்டி மீது இவளுக்கு என்ன திடீர் அக்கறை என்று அவனுக்குப் புரியவில்லை. சரி, பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். ஆண்பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் மூளை கொஞ்சம் மந்தம்தான்.

அடித்திருகு நின்றது. உடனே வேறொரு இணைப்பில் ஈரம். அதைச் சரிசெய்தால் எண்ணெய் அளவு பார்க்கும் கோலைச் சுற்றிப் பீய்ச்சியது. ஒன்றை அடைத்தால் ஒன்று. புதன்கிழமை அவன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தபோது தலை முதல் கால் வரை எண்ணெய். கணியம்பாடியில் தங்குகிற இடத்தில் பாயாவது இருக்குமா என்று ராஜாக்கண்ணுவிடம் விசாரித்தான். அவ்வளவுக்கு வந்துவிட்டான். வியாழக்கிழமை மாலை வீட்டில் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு வண்டி ஷெட்டுக்குள் நுழைந்தது. முதலாளி வர ஒன்றரை மணி நேரம் இருந்தது. ரங்கசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா முகம் செத்துக் கெடக்குது?”

“முடிஞ்சிதுணா. அளவு பாக்கிற கோலு கூட எடத்துல நிக்க மாட்டேங்குது. நல்லா அழுத்தி வெச்சாலும் ரெண்டு மேடு ஏறதுக்குள்ள தானா எழும்பி ரெண்டு வெரக்கட மேல நிக்குது.”

ரங்கசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“தானா எழும்புதா? இத்த ஏன் மொதல்லயே சொல்லல?”

“நேத்திலேர்ந்துதான் பாத்தேன்.”

“அட, ஒம்போது நாளா ஓட்டய ஓட்டய அடச்சிகினே கீறமே, உள்ள இருக்கற காத்து எங்க போவும்? என்ஜினுக்கு உள்ள எப்பவும் காத்து முட்டும்யா. அது வெளிய வர்றதுக்குத்தான் பக்கத்துல அந்தக் கொழாவ வெச்சிருக்கான். அது அடச்சிகினா காத்து கோலத் தள்ளும், பேக்கிங்கத் தள்ளும், எண்ணயத் தள்ளும். வண்டிக்கு மூச்சு முட்டுது.”

சொல்லிக்கொண்டே ஒரு கம்பியை எடுத்து நுனியை வளைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அந்தக் குழாயின் வாயில் விட்டுத் திருகி இழுத்தார். வர மாட்டேன் என்றது. இரண்டாம் தரம் இழுத்ததும் கொழகொழவென்று ஒரு கறுப்பு மூட்டை வெளியே வந்து விழுந்தது.

துணி மூட்டை. ரங்கசாமி அதை மண்ணெண்ணெயில் அலசினார். மஞ்சள் தோய்த்த துணி. அதற்குள் வேப்பிலை, அரைத்த மஞ்சள், நடுவில் ஒரு பத்துப் பைசா. காசு விழுந்துவிடாமல் துணியோடு சேர்த்துத் தைத்திருந்தது. எட்டிப் பார்த்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

“செய்வின மாதிரி கீதுணா,” என்றான் ராஜாக்கண்ணு. “நம்ம ரூட்டு மேல கண்ணு வெச்ச எவனோ பண்ணிக்கிறான்.”

ரங்கசாமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தையலைப் பார்த்தார். பச்சை நூல். பிறகு தலையைத் தூக்கித் தீர்த்தகிரியின் காக்கிச் சட்டையைப் பார்த்தார். காக்கிச் சட்டையில் மேலிருந்து கீழே ஐந்து பித்தானும் அதே பச்சை நூலில் தைத்திருந்தது. மலைக்கடையில் வேறு நிறம் கிடைக்காது. தீர்த்தகிரியும் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

“செய்வினயும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றார் ரங்கசாமி சத்தமாக. “எலி இட்டுகினு வந்து வெச்சிருக்கும். போய் வேலயப் பாருங்கடா.” துணியைப் பிழிந்து தீர்த்தகிரியின் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கொடுத்துவைத்தவன்டா நீ என்று அந்தத் தட்டு சொன்னது.

தீர்த்தகிரி ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். எண்ணெய்க் கையால் கண்ணைத் துடைக்க முடியாது, அதனால் துடைக்காமலே விட்டுவிட்டான். முறம் புடைத்துக்கொண்டு ‘அப்பிடியா’ என்றவள், விடிவதற்குள் எழுந்து மஞ்சள் அரைத்திருக்கிறாள். காசு முடிந்து வேண்டியிருக்கிறாள். அவள் வேண்டாமலிருந்தால் வண்டி இந்தப் பாடு பட்டிருக்காது என்பது நிஜம்தான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு துளிக் கோபமும் வரவில்லை. அவனுக்கு வேண்டியது அந்த மஞ்சள் துணிதான். இத்தனை வருஷமாக அதுதான் வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே நாலு தினசரித் தாள்களை வண்டிக்கு அடியில் விரித்தார். என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். ஒன்பது நாளாக மாற்றிய பேக்கிங் எல்லாம் புதிதாகப் பிடித்துக்கொண்டு நின்றன. ஒரு மணி நேரம் கழித்துத் தாள்களை உருவினார்கள். ஒரே ஒரு சொட்டு, அதுவும் அந்தக் குழாயின் நேர் கீழே.

முதலாளி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இது?”

“அது இருக்கணும் மொதலாளி,” என்றார் ரங்கசாமி. “இந்த வயசு வண்டியில ஒரு சொட்டு கூட இல்லன்னா, உள்ள எண்ணயே இல்லன்னு அர்த்தம்.”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, மலையிலயே ஓட்டு. ஆனா முன்சீட்ல ஒரு கோணியப் போடு.”

மாலை நடையில் தீர்த்தகிரி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொய்யை யோசித்தான். எலி என்று சொல்லலாம். வேண்டுதல் பலித்தது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவள் நன்றிக்கடனாக நாளைக்கே இன்னொரு துணியைத் திணித்து வைப்பாள். அந்த வளைவும் தாண்டி வீடு வந்துவிட்டது.

பாஞ்சாலை வாசலில் நின்றிருந்தாள். வண்டி நின்றதும் நேராக அதன் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்தாள். குழாயின் வாய் வெறுமையாக இருந்தது.

“துணிய எடுத்துட்டியா?” என்றாள்.

“எடுத்துட்டேன். வண்டி இங்கயேதான் ஓடும். மொதலாளி சொல்ட்டாரு.”

அவள் முகம் மலர்ந்தது. “சீழு புடிச்ச மாதிரி அங்கயிருந்துதான் எண்ண வந்துகினு இருந்துச்சி. மாட்டுக்குப் புண்ணு வந்தா வேப்பில, மஞ்சா வெச்சி அடப்போம் இல்ல, அப்பிடியே வெச்சேன். காசும் முடிஞ்சி வெச்சேன்.”

“பாஞ்சால, அது புண்ணு இல்ல.” மெதுவாகச் சொன்னான். “அது வண்டிக்கு மூக்கு.”

அவள் அவனையே பார்த்தாள். மெள்ள மெள்ள அவளுக்கு விளங்கியது. கை தானாக வாய்க்குப் போயிற்று.

“மூக்கயா அடச்சிட்டேன்? அதான் எல்லாப் பக்கமும் ஊத்திச்சா? நானே உன்ன கீழ அனுப்பப் பாத்தேனா?”

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள். குழந்தைக்காக அவன் முன்னால் அழாத அழுகையும் அதிலே இருந்தது. இவ்வளவு நாள் அதை எங்கேதான் வைத்திருந்தாளோ. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, துடைக்காத எண்ணெய்க் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ராஜாக்கண்ணு, நல்ல பிள்ளையாகத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“இன்னா வேண்டிகினே?” என்று கேட்டான் தீர்த்தகிரி.

“இன்னாத்த வேண்டுவாங்க? வண்டி கெட்டா கெடட்டும், மனுசன் மட்டும் சாயங்காலமானா வந்துடணும்னு வேண்டிகினேன்.” மூக்கை உறிஞ்சினாள். “கொழந்த போனப்ப பதினோரு நாளும் நீ வர்ற வழியயே பாத்துகினு இருந்தேன். வாயத் தொறந்தா உன்னத் திட்டிடுவேன், திட்டினா அப்பிடியே போய்டுவன்னு பயந்துகினு பேசாம இருந்தேன்.”

“இனிமே திட்டு,” என்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சனங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், ராஜாக்கண்ணு விசில் ஊதத் தயாராக இருந்தான். பாஞ்சாலை விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வந்து, வண்டிக்குப் பக்கத்தில் குந்தி, அந்தக் குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. சூடான காற்று கையில் பட்டுக்கொண்டே இருந்தது. சரியாகத்தான் வருகிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள்.

“மூச்சு வருது,” என்றாள், டிரைவர் சீட்டைப் பார்த்து. “போய்ட்டு சாயங்காலம் வந்துடு.”